தைத்த கண்

குருட்டு வல்லூறுக்காரனைப் பார்க்கப் போகிறேன் என்றா சொன்னீர்?

குருடன் என்று யார் சொன்னது? கண் இரண்டும் நன்றாக இருக்கிறது. தைத்திருக்கிறது, அவ்வளவுதான். தைத்தவன் நான்.

உட்காரும். இந்தக் கார்த்திகை மழையில் எங்கே போகப் போகிறீர்? இந்த மண்டபத்தில் ஒழுகாத இடம் இது ஒன்றுதான். கஞ்சி கொதிக்கட்டும், உமக்கும் ஒரு வாய் தருகிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர். எனக்குப் பிடிக்காது.

கரிசக்கோட்டைப் பாளையத்தில் நாற்பது வருஷம் வல்லூறுக் கொட்டில் என் பொறுப்பு. இப்போதைய பாளையக்காரர் லிங்கம நாயக்கருடைய அப்பா காலத்தில் சேர்ந்தேன். என் பெயர் சிலம்பன். அவன் பெயர் பூச்சான். என் தங்கை சீரங்கியைக் கட்டியவன். தீனி வெட்டவும் எச்சம் வாரவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது, கொட்டிலில் சேர்த்துக்கொண்டேன். சோறு போட்டது நான். அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

வல்லூறு பற்றி உமக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. முகத்திலேயே தெரிகிறது. சரி, சொல்கிறேன்.

பெட்டைதான் பெரிசு. வேட்டைக்கு அதுதான். பிடித்த அன்றைக்கே இமையைத் தைத்துவிடுவோம். ஊசி, பட்டு நூல். கீழ் இமையில் ஒரு குத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. நூலை மேலே இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடு. முடிந்தது வேலை. இருட்டில் இருக்கிற பறவை அடித்துக்கொள்ளாது. கையில் உட்காரும், கையில் தின்னும். பிறகு தினம் ஒரு மயிரளவு நூலைத் தளர்த்துவோம். வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமாக வரும். வெளிச்சத்தோடு நம் முகமும் வரும். கடைசியில் கண்ணைத் திறக்கும்போது நம்மைத் தவிர அதற்கு உலகத்தில் ஆள் கிடையாது.

கொடுமை என்கிறீரா? நீர் மாட்டுக்கு மூக்குக் குத்தியதில்லையா? பேசாமல் கேளும்.

இரண்டாவது, பசி. இதுதான் தொழில். மற்றதெல்லாம் சும்மா. பறவையின் மார்பில் நடு எலும்பு ஒன்று ஓடும். தினம் காலையில் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்க்கவேண்டும். கத்தி மாதிரி விரலில் உறைத்தால் செத்துப்போகும், தீனி கூட்டு. எலும்பே தட்டுப்படாமல் சதை மூடியிருந்தால் கொழுத்துவிட்டது, பறக்கவிடாதே. விட்டால் வராது. வயிறு நிறைந்தவனுக்கு நம் கை எதற்கு? இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அந்த நிலை கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

என் விரலுக்குத் தெரியும். இந்த விரல்தான்.

இது தழும்பு. போன மாசியில் ஒரு பெட்டையின் நகம் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் வந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். ஆறிவிட்டது. கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், அதனால் ஒன்றும் குறைவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? பூச்சான்தான் அப்போதே முணுமுணுத்தான். "மச்சான், விரல்ல உணர்ச்சி இருக்கா?" என்றான். "உன் கன்னத்தில் வைத்துக் காட்டட்டுமா?" என்றேன். எச்சம் வாரப் போய்விட்டான்.

இரும், கஞ்சி பொங்குகிறது. இந்தக் கொள்ளியைத் தள்ளிவிடுகிறேன்.

என்ன? எது? ஓ, விரலில் கங்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா. விடும். தட்டிவிட்டால் போகிறது. கருகல் வாசம் எல்லாம் ஒன்றுமில்லை, அது விறகு. எங்கே விட்டேன்?

ஆவணி. ஆவணியில்தான் வினை வந்தது.

கோடையில் வல்லூறுக்கு இறகு உதிரும். அந்தக் காலத்தில் நன்றாகத் தீனி போடவேண்டும், புது இறகு வலுவாக வரும். உடம்பும் ஏறும். இறகு முளைத்த பிறகு பட்டினி போட்டு உடம்பை இறக்கித்தான் வேட்டைக்கு எடுக்கவேண்டும். அந்த வருஷம் நாயக்கருக்கு அவசரம். பக்கத்துப் பாளையக்காரர் விருந்துக்கு வருகிறார். தன் மகளை அவர் வீட்டில் கொடுக்கிற பேச்சு. தன் வல்லூறு நாரையை அடித்துத் தன் கையில் வந்து இறங்குவதை அவர் பார்க்கவேண்டும். "சிலம்பா, ஆகுமா?" என்றார். விரலை வைத்துப் பார்த்தேன். எலும்பு தட்டுப்பட்டது. எனக்குத் தட்டுப்பட்டது. "ஆகும் எசமான்" என்றேன்.

விருந்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் பூச்சான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், உடம்பு இன்னும் எறங்கல. எலும்பே காணோம். தீனிய நிறுத்துவோம்."

"நீ எப்போதிலிருந்து விரல் வைக்க ஆரம்பித்தாய்?"

"சும்மா தொட்டுப் பாத்தேன்."

"தொட்டுப் பார்த்தவனெல்லாம் வல்லூறுக்காரன் ஆகிவிட்டால் நாடி பிடித்தவனெல்லாம் வைத்தியன். பாதிப் புறா கொடு. ஆள் பலமாகப் பறக்கட்டும்."

கொடுத்தான். நான் சொன்னேன், அவன் கொடுத்தான். மூன்று நாளும்.

வேட்டைக்குக் கண்மாய்க் கரைக்குப் போனோம். நாயக்கர், விருந்தாளி, குதிரை, குடை எல்லாம். நாரையைக் கிளப்பினார்கள். நான் பறவையின் தலையில் மாட்டியிருந்த தோல் மூடியை எடுத்துப் பறக்கவிட்டேன். என்ன உயரம் போனது தெரியுமா? அப்படி ஒரு பறவை இனிக் கிடைக்காது. மேலே நின்று இரண்டு சுற்றுச் சுற்றியது. நாரை அதன் பாட்டுக்கு அக்கரை போய்ச் சேர்ந்தது. நம் ஆள் இறங்கி வந்து ஒரு பனையில் உட்கார்ந்தது. இறகைக் கோதியது. சாவகாசமாகக் கோதியது. நான் புறாவைக் காட்டிக் கூப்பிட்டேன். பூச்சான் கூப்பிட்டான். தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து தெற்கே போய்விட்டது. காலில் கட்டியிருந்த மணியின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

விருந்தாளி சிரித்தார். "எங்க ஊர்ப் பக்கந்தான் போகுது. பொண்ணுக்கு முன்னாடி சீர் வந்து சேந்திரும் போல" என்றார்.

நாயக்கர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே கொட்டில் வாசலில் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்கள். பறவைக்கு யார் தீனி கொடுத்தது என்று கேட்டார். கேள்வி அதுதான். யார் கொடுத்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. "பூச்சான் கையால் கொடுத்தான் எசமான்" என்றேன். அது உண்மைதானே? அவன் கையால்தானே கொடுத்தான்?

பூச்சான் என்னைப் பார்த்தான். "மச்சான் சொல்லித்தான் சாமி கொடுத்தேன்" என்றான்.

நாயக்கர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாயா?"

"நாற்பது வருஷமாக இந்தக் கொட்டிலில் இருக்கிறேன் எசமான். கொழுத்த பறவைக்குத் தீனி கொடுக்கச் சொல்வேனா?"

கவனித்தீரா? இல்லை என்று நான் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். அதற்குப் பதில் அவர்களாகச் சொல்லிக்கொண்டால் நான் என்ன செய்வது? மேலும் அந்தப் பறவை கொழுத்திருக்கவில்லை. என் விரலுக்கு எலும்பு தட்டுப்பட்டது. அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

நாயக்கர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "பறவை கொழுத்தது தெரியாத கண் எதுக்குடா உனக்கு?" என்றார் பூச்சானிடம். பிறகு என்னிடம், "உன்கிட்ட ஊசி இருக்குல்ல? தைச்சு விடு. வேற வல்லூறு பழகி என்னைக்கு என் கையில வந்து எறங்குதோ, அன்னைக்கு அவிழ்த்து விடு."

நல்ல பெட்டை வடக்கேயிருந்து வருவது ஐப்பசியில்தான். அப்போது ஆவணி. இரண்டு மாதம் ஒரு இறகுகூடக் கிடைக்காது. அதைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

தைக்கிறபோது சேவகர் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வந்தார்கள். சீரங்கி வேண்டாம் என்று தள்ளிவிட்டு அவளே தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நீயா தைக்கப் போற?"

"வேறு யார்? செருப்புத் தைக்கிறவனைக் கூப்பிடட்டுமா?"

அவள் அவன் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பேசிக்கொண்டே தைத்தேன், பயப்படாமல் இருக்கட்டும் என்று. பறவையிடமும் அப்படித்தான் பேசுவேன். ஒன்று கவனியும், பறவைக்குக் கீழ் இமை மேலே ஏறும். மனுஷனுக்கு மேல் இமை கீழே இறங்கும். பறவைக்குத் தைக்கிற மாதிரி தைத்தால் மனுஷ இமை கிழிந்துவிடும். வேறு எவனாவது யோசித்திருப்பானா? நான் யோசித்தேன். ஒரு கண்ணுக்கு நாலு தையல். சீரங்கி சேலையில் ரத்தம் சொட்டவில்லை. நாயக்கரே குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தமான கை" என்றார். அதையும் யாரும் உம்மிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இரண்டு மாதம் கொட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தான். இமை சீழ் வைத்தது. சீரங்கி வேப்பிலைத் தண்ணீரில் துடைத்துவிடுவாள். சொறிவான். "பறவைகூட இப்படிச் சொறிவதில்லை, மாப்பிள்ளை" என்பேன். சிரிப்பு மூட்டத்தான் சொன்னேன்.

ஐப்பசி மூன்றாம் நாள் பொட்டலில் வலை போட்டேன். நான்தான் போட்டேன். புறாவைக் கட்டி, நாள் பூராவும் புதருக்குள் கிடந்து, ஒரு பெட்டையைப் பிடித்தேன். பிடித்ததும் தைத்தேன். கொண்டுபோய்ப் பூச்சான் கையில் உட்காரவைத்தேன். இருட்டறையில் பறவையோடு நாள் முழுதும் உட்கார்ந்திருக்க எனக்கு இந்த வயதில் முடியாது. அவனுக்கு வேறு வேலை என்ன?

அதற்கும் கண் தைத்திருந்தது, அவனுக்கும் தைத்திருந்தது. அது அசைந்தால் அவன் அசைவான். அவன் மூச்சு மாறினால் அது தலையைத் திருப்பும். காலையில் நான் விரல் வைக்கப் போனால், "நான் பாத்துட்டேன் மச்சான், இன்னிக்கிக் கால் புறா போதும்" என்பான். நான் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அரைப் புறா" என்பேன். அவன் சரி என்பான். சாயங்காலம் பார்த்தால் முக்கால் புறா மிஞ்சிக் கிடக்கும். கண்டும் காணாமல் விட்டேன். பெரிய மனுஷனாக நடந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் பறவையின் நூலைத் தளர்த்த உட்கார்ந்தேன். பூச்சான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், எனக்கும் ஒரு மயிரளவு தளர்த்தலாமே. வெளிச்சம் தெரிஞ்சாப் போதும்."

"உத்தரவு இல்லை."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அப்படித்தான் சொன்னேன். தொழில் என்றால் தொழில். சொந்தம் என்று பார்த்தால் கெட்டுவிடும்.

நாற்பது நாள் ஆகிற வேலை. இருபத்தாறே நாளில் பறவை பழகிவிட்டது. நான் பழக்கியது. நான் சொல்லிக்கொடுக்காமல் அவனுக்கு என்ன தெரியும்?

போன வாரம் நாயக்கருக்குக் காட்டினோம். அதே கண்மாய்க் கரை. சீரங்கியும் வந்து வேலியோரம் நின்றாள், கையில் வேப்பிலைச் செம்பு. அன்றைக்கு அவிழ்த்துவிடுவார்கள் அல்லவா, துடைத்துவிட.

பூச்சான் பறவையை விட்டான். மேலே போனது. நாரையை அடித்தது. சத்தம் கரைக்குக் கேட்டது, பச்சை மட்டையை முறித்த மாதிரி. நான் கையை நீட்டிக் கூப்பிட்டேன். பறவை என் கைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வந்தது. வந்து, தாண்டிப்போய்ப் பூச்சான் கையில் உட்கார்ந்தது. சேவகர்கள் சிரித்தார்கள்.

"என் கையில எறங்கணும்" என்றார் நாயக்கர்.

பூச்சான் தடவிக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நின்றான். அவர் போட்டிருந்த தோலுறையில் இறைச்சியைத் தேய்த்தான். மறுபடி பறவையை விட்டு, இரண்டுதரம் நாக்கைச் சொடுக்கினான். வந்து இறங்கியது. நாயக்கர் கையில். பூ விழுந்த மாதிரி.

நாயக்கர் பறவையைப் பார்த்தார், பூச்சானைப் பார்த்தார். "கண்ணில்லாமலே இந்த மாதிரி பழக்கியிருக்கானே" என்றார்.

இப்போது நீரே சொல்லும். வலை போட்டது யார்? பறவையைப் பிடித்தது யார்? நாற்பது வருஷம் அந்தக் கொட்டிலைக் கட்டிக் காத்தது யார்? ஒரு வார்த்தை என்னைப் பற்றி வரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

"கண்ணைத் தைத்ததால்தான் எசமான் அந்தக் கை வந்தது. தைத்தது நான். அவிழ்த்தால் அந்தக் கை போய்விடும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் வேலைக்கு ஒரு பேர் வரட்டும் என்றுதான் சொன்னேன். அதில் அவனுக்கு என்ன கெடுதல்?

நாயக்கர் யோசித்தார். வேலியோரம் சீரங்கி, "வாக்குக் கொடுத்தீங்களே சாமி" என்றாள். அவள் குரல் இவ்வளவு எழும்பி நான் கேட்டதில்லை.

"கொடுத்தேன். மாறமாட்டேன்" என்றார் நாயக்கர். பூச்சானைப் பார்த்து, "டேய், இப்பவே அவிழ்க்கச் சொல்றேன். அவிழ்த்தா நீ பழையபடி உன் மச்சானுக்குக் கீழ எச்சம் வாரிக்கிட்டு இரு. இப்படியே இருந்தா கொட்டில் உனக்கு. கொட்டில் மானியம் நாலு செறு வயலும் உனக்கு. உன் மச்சான் வெளிய. ஒரு கொட்டிலுக்கு ரெண்டு பேர் எதுக்கு? எதுன்னு சொல்லு" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு குணம் உண்டு. எவனாவது கண்ணை வேண்டாம் என்பானா? நான் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியைக்கூட எடுத்துவிட்டேன்.

பூச்சான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "இருக்கட்டும் சாமி" என்றான்.

சீரங்கி செம்பைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

நான் கத்தியோடு அவன் பக்கத்தில் போனேன். "புத்தி கெட்டுவிட்டதா மாப்பிள்ளை? கண்ணடா" என்றேன்.

"தெரியும் மச்சான். தொறந்தா மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாக்கணும். கத்தி உங்க கையிலதான இருக்கு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அந்தப் பறவையிடம் பேசுவானே, அதே குரலில்.

இது ஒரு மனுஷன் பேசுகிற பேச்சா? சோறு போட்டவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா? ரத்தம் வராமல் தைத்துவிட்டவனைப் பார்த்து? நீரே சொல்லும். இல்லை, சொல்லவேண்டாம்.

சாயங்காலமே மூட்டையைக் கட்டினேன். தெற்கே ஒரு பாளையத்தில் வல்லூறுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. அங்கேதான் போகிறேன், மழையால் இத்தனை நாள் இந்த மண்டபத்தில் முடங்கிக் கிடக்கிறேன். ஊர் எல்லை வரைக்கும் சீரங்கி பின்னாலேயே வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, நீ போன பெறகு நானே அவிழ்த்துக்கிறேன். வீட்டுக்குள்ள இருக்கையில தெறந்து வச்சுக்கட்டும், வெளிய போனா மூடிக்கட்டும். யாருக்கும் தெரியாது. எந்த நூலை மொதல்ல அறுக்கணும், அத மட்டும் சொல்லு."

கேட்டது நியாயம்தான். மூன்று மாதத்தில் நூல்மேல் சதை வளர்ந்துவிட்டது. கண்ட இடத்தில் அறுத்து இழுத்தால் இமை பிய்ந்துகொண்டு வரும், அப்புறம் நிஜமாகவே குருடுதான். ஒரு கண்ணுக்கு நாலு தையலில் ஒன்று மட்டும் மற்ற மூன்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை முதலில் அறுத்து, எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்று தெரிந்து இழுத்தால், நூல் எண்ணெயில் நனைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வலிக்கக்கூட வலிக்காது. ஆனால் இனி ரொம்ப நாள் விட்டால் அதுவும் நடக்காது. இந்த மார்கழிக்குள் செய்யவேண்டும்.

அவள் நின்றாள். நானும் கொஞ்சம் நின்றேன்.

என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காதவனுக்கு வேறு எதைப் பார்க்கவேண்டியிருக்கிறது? சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

நீர் ஏன் அப்படிப் பார்க்கிறீர்? ஆமாம், நீர் அங்கேதான் போகிறீர். நாளை மத்தியானம் அவன் வாசலில் நிற்பீர். நாலு வார்த்தைதான், சொன்னால் மறந்துபோகிற விஷயம் இல்லை. எந்த நூல், எந்தப் பக்கம். எனக்குத் தெரியும்.

கஞ்சியைக் குடியும். மழை விட்டுவிட்டது. நான் கிளம்புகிறேன்.